சாய்த்தால் பேசாத மைக்

மூணுபுளிப்பட்டியில் சத்தியம் என்றால் மைக்கில்தான் செய்ய வேண்டும். சூடத்தை அணைத்துச் சொன்னாலும் எடுபடாது, பிள்ளையைப் படுக்கப் போட்டுத் தாண்டிச் சொன்னாலும் எடுபடாது. புளியடிக் காளி கோயில் வாசலில் மைக்குக்கு முன்னால் நின்று, பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லிச் செய்ய வேண்டும். சொன்ன வார்த்தை மூன்று புளியமரத்திலும் கோயில் வளைவிலும் கட்டியிருக்கிற நாலு ஸ்பீக்கர் குழாயிலும் கேட்க வேண்டும். கேட்டால் ஆத்தா வாங்கிக்கொண்டாள். கேட்காவிட்டால் சொன்ன ஆள் பொய். அன்று பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டியதுதான். மூன்று தரம் சொல்ல விடுவார்கள். ஊர் காட்டுகிற கருணை அவ்வளவுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இத்தனை ஊர் இருக்க, இந்தக் கிறுக்கு இந்த ஊரை மட்டும் பிடித்ததற்கு ஓர் ஆட்டுத் திருடன் காரணம். மைக் செட்டு ஊருக்குள் வந்த புதிதில் அவனை நிறுத்திச் சத்தியம் கேட்டார்கள். அவன் ‘நான் எடுக்கலை’ என்று வாயெடுத்த நேரம் கரண்டு போய்விட்டது. கரண்டு போவது அந்தப் பக்கத்தில் தினமும் நடக்கிற சங்கதி. ஆனால் அவன் கைகால் உதறிக் கீழே விழுந்து, ஆட்டைக் கட்டிப்போட்டிருந்த இடத்தைக் கக்கிவிட்டான். அன்றிலிருந்து காளி பாதி சிலையிலும் பாதி குழாயிலும் குடியிருக்கிறாள்.

இதை நம்பாத ஒரே ஆள் சுருளிவேல். மைக் செட்டு அவனுடையது. வீட்டு முகப்பில் ‘சுருளிவேல் சவுண்ட் சர்வீஸ்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதிவைத்திருந்தான். மைக்கை எத்தனையோ தரம் கழற்றி மாட்டியவனுக்கு அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாதா? சல்லடை மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே வெங்காயச் சருகு கனத்தில் ஒரு தகடு. தகட்டின் முதுகில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி ஒட்டிய காயில். காயிலைச் சுற்றிக் காந்தம். பேசுகிறவனின் சத்தம் காற்றைத் தள்ளும், காற்று தகட்டைத் தள்ளும், தகட்டோடு சேர்ந்து காயிலும் காந்தத்துக்குள் ஆடும். காந்தத்துக்குள் கம்பி ஆடினால் கரண்டு பிறக்கும். ஓர் எறும்பைக்கூட உதற வைக்காத கரண்டு அது. ஆம்ப்ளிபயர் அதைப் பெருக்கிக் குழாய்க்கு அனுப்பும். குழாயின் அடியிலும் அதே தகடு, அதே காயில், அதே காந்தம். அங்கே கரண்டு வந்து காயிலை ஆட்டும், தகடு ஆடும், மறுபடியும் சத்தமாகும்.

ஒருநாள் டீக்கடையில் பந்தயம் கட்டி, குழாயின் ஒயரை மைக் சொருகும் ஓட்டையில் சொருகி, குழாய்க்குள் தலையை விட்டுப் பாடியே காட்டினான். இன்னொரு குழாயில் அவன் பாட்டு வந்தது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். காந்தமும் கம்பியும் பார்க்கிற வேலையில் ஆத்தாவுக்கு என்ன வேலை என்று அவனுக்கு அப்போது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டான். அந்த நம்பிக்கை இருக்கிற வரைக்கும்தான் பங்குனிப் பொங்கலுக்கு அவனைத் தவிர வேறு மைக் செட்டு ஊருக்குள் நுழையாது. பூசாரிக்கு அடுத்தபடி பரிவட்டம் கட்டுவதும் அவனுக்குத்தான். தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள அவன் என்ன பைத்தியமா?

அவனுக்கு ஒரே மகள், நதியா. அப்போது அவளுக்கு ஆறு வயது. மைக்கைக் கண்டால் போதும், காலைக் கட்டிக்கொள்வாள்.

“அப்பா, என் பேரை ஒரே ஒரு தரம் மைக்குல சொல்லுப்பா.”

“ஆத்தா உக்காருற எடம்டா அது. வெளையாட்டுச் சாமானா? போ அங்கிட்டு.”

தான் நம்பாததைப் பிள்ளையிடம் சொல்லி விரட்டுவதில் அவனுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

2001 பங்குனியில் மலையம்மாளைச் சத்தியத்துக்கு நிறுத்தினார்கள்.

மலையம்மாள் தாலியறுத்தவள். பூமாரி என்று பன்னிரண்டு வயதில் ஒரு மகள். சுந்தரலிங்கத்தின் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுவதும் கொத்துக் கட்டுவதுமாகப் பிழைத்தாள். சுந்தரலிங்கம் ஊரில் பெரிய கை. தோட்டம் ஆறு ஏக்கர், பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை. மருந்தடிக்கிற அன்றைக்குப் பந்தலுக்கடியில் பெண்களை வேலைக்கு விடக்கூடாது, கண் எரிகிறது, பூமாரி வயதுப் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று மலையம்மாள் நேருக்கு நேர் கேட்டாள். அவர் எல்லார் முன்னாலும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி வெளியே போகச் சொன்னார். அவள் வாசலில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றினாள்.

“ஒம் பந்தல் கருகிப் போகும், பாத்துக்க!”

பத்தாம் நாள் இலையெல்லாம் விசிறி மடித்த மாதிரி சுருண்டு, கொடிநுனி முறுக்கிக்கொண்டு, பந்தலில் பாதி கருகிவிட்டது. வேருக்கு விஷத்தை ஊற்றிவிட்டாள் என்று சுந்தரலிங்கம் கோயிலில் போய் முறையிட்டார். அவள் வாயாலேயே சொன்னதை ஊரே கேட்டிருந்ததே, வேறென்ன சாட்சி வேண்டும்? சத்தியம் என்று முடிவானது. மலையம்மாள் பயப்படவில்லை. அவளைவிட அந்தக் குழாயை நம்பியவர்கள் ஊரில் யாருமில்லை.

சுருளிவேலுக்கும் அவளுக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சுந்தரலிங்கத்தின் அண்ணன் வீட்டில் சடங்கு. மலையம்மாள் வீட்டுக்கு மேலே நிற்கிற புளியமரத்தில் குழாய் கட்டியிருந்தான். வீட்டுக்குள் அவள் புருஷன் நெஞ்சு நிறைய சளியோடு இழுத்துக்கொண்டு கிடந்தான். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மூன்று தரம் வந்து கேட்டாள். மூன்றாம் தரம் அவன் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினான். அவள் பந்தலுக்குள் நுழைந்து ஆம்ப்ளிபயரின் பின்னாலிருந்த ஒயரைக் கொத்தாகப் பிடுங்கிவிட்டாள். பாட்டு பாதியில் செத்தது. பந்தியில் இருந்த அத்தனை பேரும் இலையை மறந்து சிரித்தார்கள். “சுருளி, ஒன் வாயை ஒரு பொம்பளை புடுங்கிட்டாளேப்பா” என்று யாரோ சொன்னது வருஷக்கணக்கில் ஊருக்குள் ஓடியது. அவள் புருஷன் மறுநாள் விடியற்காலையில் செத்துப்போனான். அது சுருளிவேலுக்கு எப்போதோ மறந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கியது மட்டும் மறக்கவில்லை.

சத்தியத்தன்று உச்சி வெயில். ஊர் முழுக்கக் கோயில் வாசலில் கூடியிருந்தது. பூசாரி ராக்கையா ஆறடி உயரம். மைக்கின் ஸ்டாண்டு துருப்பிடித்து அவர் உயரத்திலேயே நின்றுவிட்டது, கீழே இறங்காது. குள்ளமானவர்கள் பேசினால் மைக்கின் கழுத்தைக் குனிய வைக்க வேண்டும். மாசியில் ஒரு காதுகுத்து வீட்டில் மைக் ஸ்டாண்டோடு விழுந்ததிலிருந்து அது எப்போதாவது பேசாமல் போகும், தட்டினால் பேசும். பொங்கல் முடியட்டும், கம்பத்துக்குக் கொண்டுபோய் ஸ்டீவனிடம் காட்டலாம் என்று சுருளிவேல் தள்ளிப்போட்டிருந்தான்.

“மலையம்மா, ஆத்தா முன்னாடி மூணு தரம்” என்றார் பூசாரி. அவர் குரல் நாலு குழாயிலும் கணீரென்று கேட்டது. “கேட்டுருச்சுன்னா ஊரு ஒன்னையக் கும்புட்டு வீட்டுக்கு அனுப்பும். கேக்கலைன்னா வடக்க எல்லை இருக்கு, நடையைக் கட்டணும்.”

மலையம்மாள் ஈரப் புடவையோடு வந்து நின்றாள். நாலரை அடிதான் இருப்பாள். சுருளிவேல் மைக்கின் கழுத்தை அவள் வாய்க்கு நேராகக் குனிய வைத்தான்.

“சுந்தரலிங்கம் தோட்டத்துல நான் ஒரு மருந்தும் ஊத்தலை. பொய் சொன்னா எம் மக பூமாரி தலையில இடி விழட்டும்.”

முன்வரிசைக்காரர்களுக்கு அவள் வாயிலிருந்து கேட்டது. குழாயில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்தான் வந்தது.

சுருளிவேலுக்குப் பகீரென்றது. ஆத்தாவை நினைத்து அல்ல, தன் பேர் கெடுகிறதே என்றுதான். மைக் செட்டுக்காரனின் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. மைக்கின் கழுத்தை வெடுக்கென்று நிமிர்த்தி, விரலால் இரண்டு தட்டு தட்டி, “அலோ” என்றான்.

‘டொக் டொக், அலோ’ என்று நாலு குழாயும் முழங்கின.

அந்த ஒரு ‘அலோ’வில் அவள் விதி முடிந்துபோனது. அவனுக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பெண்கள் கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். “ஆத்தா வாங்கலையே! ஆத்தா வாங்கலையே!” என்று பூசாரியின் உடம்பு ஆடத் தொடங்கியது.

“இன்னும் ரெண்டு தரம் இருக்கு. நான் சொல்லுவேன்” என்றாள் மலையம்மாள்.

சுருளிவேல் மறுபடி மைக்கைக் குனிய வைத்தான். கழுத்து பாதி வளைந்த இடத்தில் குழாயில் ‘கிர்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்து அறுந்தது. அவள் இரண்டாம் தரம் சொன்னாள். இரைச்சல்தான் வந்தது. ஆனால் அந்தக் ‘கிர்’ரில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காயிலிலிருந்து வரும் மயிரிழைக் கம்பி உள்ளே அறுந்துகிடக்கிறது. மைக் நிமிர்ந்து நின்றால் அறுந்த முனை ஒட்டிக்கொள்ளும், தலையைச் சாய்த்தால் விலகிவிடும். அவள் குள்ளமாக இருப்பதுதான் அவள் செய்த ஒரே குற்றம்.

ஒரு முக்காலி போதும். நாலைந்து செங்கல்லை அடுக்கி அவளை ஏற்றி நிறுத்தினால்கூடப் போதும். மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி நிமிர்த்தியபடி அவள் வாயருகே பிடித்தால் முடிந்தது. அதுவும் இல்லையென்றால் வளைவில் கட்டியிருக்கிற குழாயை அவிழ்த்து, டீக்கடையில் செய்த மாதிரி அதையே மைக்காக்கி அவளைப் பேச வைத்திருக்கலாம். இத்தனையும் அவனுக்கு ஒரு நொடியில் தோன்றியது.

“அண்ணே” என்றாள் மலையம்மாள் தணிந்த குரலில். “மைக்கைச் செத்த நல்லாப் பாருண்ணே. இதுல என்ன கோளாறுன்னு ஒனக்குத்தான தெரியும்?”

ஊர் அவனைப் பார்த்தது. சுந்தரலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தார். கெட்ட மைக்கை ஆத்தா முன்னால் கொண்டுவந்து வைத்தேன் என்று சொன்னால் இந்தக் கூட்டம் தன் எலும்பை எண்ணிவிடும் என்ற பயம் அவனுக்கு உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் அது அவனுக்குச் சாதகமாகப் பேசுவதாகிவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் பந்தி முழுக்கச் சிரித்த சிரிப்பு அவன் காதில் இன்னும் இருந்தது. ‘இப்பப் புடுங்குடி ஒயரை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே, மைக்கின் கழுத்தைத் தேவைக்கும் அதிகமாக இன்னும் ஒரு விரற்கடை கீழே அழுத்தினான்.

“எங் கோளாறு ஒண்ணுமில்லை. சொல்லு” என்றான்.

அவள் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். கத்தினால் தகடு அதிகம் ஆடும், காயில் அதிகம் ஆடும், கரண்டும் அதிகம் பிறக்கும். அறுந்த கம்பியின் இந்தப் பக்கம் அத்தனையும் பிறந்து அங்கேயே செத்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் அவளையும் பூமாரியையும் வடக்குப் புளியமரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். சட்டிபானையைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். பூமாரி பள்ளிக்கூடப் பையை எடுக்க ஓடினாள், அதைக்கூட விடவில்லை. “மலையம்மாளுக்கு இனிமே ஊருக்குள்ள யாரும் தண்ணி குடுக்கக் கூடாது, நெருப்புக் குடுக்கக் கூடாது, பேச்சு வச்சுக்கக் கூடாது” என்று அறிவிக்க வேண்டியது வழக்கப்படி மைக் செட்டுக்காரனின் வேலை. சுருளிவேல் நிமிர்ந்த மைக்குக்கு முன்னால் நின்று அறிவித்தான். கடைசிக் குழாய் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது.

பொங்கல் முடிந்த வாரம் அவன் மனைவி சண்முகத்தாயைக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போனான். ஜவுளிக்கடைக்குப் போகிற வழியில் ஸ்டீவனின் ரிப்பேர் கடையில் மைக்கைக் கொடுத்தான். ஸ்டீவன் மூடியைத் திருகி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, ஸ்பீக்கரில் மாட்டி நிமிர்த்திப் பேசினான், சாய்த்துப் பேசினான்.

“நிமுத்துனா ஒட்டுது, சாச்சா விடுது. எப்பண்ணே விழுந்துச்சு?”

“இப்பத்தான். பொங்கல் முடிஞ்சு கழட்டும்போது.”

“சும்மா சொல்லாதீக. அறுந்த மொனையில களிம்பு ஏறியிருக்கு பாருங்க. ஒரு மாசமாவது ஆயிருக்கும். இதை வச்சா பொங்கலு ஓட்டுனீக?”

சுருளிவேல் சிரித்து மழுப்பினான். திரும்பிப் பார்த்தால் சண்முகத்தாய் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் புடவை எடுக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காததே அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வருஷம் சுந்தரலிங்கத்தின் பந்தல் மறுபடியும் கருகியது. இந்தத் தடவை மண்ணைத் தூற்ற ஆளில்லாததால் தோட்டக்கலை ஆபீசரைக் கூட்டிவந்தார். வந்தவர் இலையைப் பார்த்தார், மருந்தடிக்கிற டேங்கை மோந்து பார்த்தார். வரப்புக்குக் களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே திராட்சைக்கு மருந்து கலக்கி அடித்திருக்கிறீர்கள், போன வருஷமும் இதுதான் நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். டேங்கு சுந்தரலிங்கத்தினுடையது. கலக்கியதும் அவர் கைதான்.

ஊருக்குத் தெரிந்துபோனது. தெரிந்து என்ன? டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள். “அப்ப ஆத்தா ஏன் வாங்கலை?” என்று ஒருவன் கேட்டான். “வெசம் ஊத்தலைன்னா என்ன, வேற என்னமோ பண்ணியிருக்கா. ஆத்தாவுக்குத் தெரியாதா?” என்றான் இன்னொருவன். எல்லாருக்கும் அது திருப்தியாக இருந்தது. சுருளிவேல் தன் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனான். வாயைத் திறக்க அவனுக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது.

மலையம்மாள் அதற்குள் கம்பம் மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் குடியிருந்தாள். அங்கே வேலை பார்க்கிற பெண்களில் மூணுபுளிப்பட்டியிலிருந்து தினம் ஜீப்பில் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் அவளோடு பேசமாட்டார்கள். பூமாரியைப் பார்த்து “பொய்க்காரி மக” என்பார்கள். 2003 மாசியில், ஓடாமல் நின்றுபோன டிரான்சிஸ்டர் ஒன்றை ரிப்பேருக்குக் கொண்டு மலையம்மாள் கம்பத்துக்கு இறங்கினாள். ஸ்டீவன் கடைதான். எந்த ஊர் என்று அவன் பேச்சுவாக்கில் கேட்டான். ஊர்ப் பேரைச் சொன்னதும் சிரித்தான்.

“ஒங்க ஊரு சுருளியண்ணன் ஒரு மைக்கு வச்சிருந்தாரே, அதை நான்தான் சரி பண்ணுனேன். சாச்சாப் பேசாது, நிமுத்துனாப் பேசும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, பங்குனிப் பொங்கல் முடிஞ்ச ஒடனே கொண்டாந்தாரு.”

மலையம்மாள் அதை அவனிடம் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பங்குனிப் பொங்கலன்று, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கு எல்லைப் புளியமரத்தடியில் வந்து நின்றாள். கோயில் வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். எல்லைக்கல்லைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள்.

“எனக்கு வீடு வேணாம், ஒண்ணும் வேணாம். அன்னைக்கு மைக்குல கோளாறு இருந்துச்சா இல்லையான்னு சுருளியண்ணன் ஆத்தா முன்னாடி சொல்லட்டும். எம் மகளைப் பொய்க்காரி மகன்னு சொல்லாம இருந்தாப் போதும்.”

ஸ்டீவன் சொன்னதையும் சொன்னாள். அவன் வேதக்காரன், நம்ம ஆத்தாவைப் பற்றி அவன் என்ன பேசுவது என்று கூட்டத்தில் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. பூசாரியும் சுந்தரலிங்கமும் சுருளிவேலைக் கோயிலுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

“ஏலே, மைக்கு கெட்டதுன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, இம்புட்டு வருசமா இங்கன நடந்த சத்தியமெல்லாம் என்னடா ஆகுறது?” என்றார் பூசாரி. “எத்தனை பேரை வெரட்டியிருக்கோம். எத்தனை குடும்பத்தைப் பிரிச்சு விட்டுருக்கோம். அத்தனையும் திரும்பி வந்து நிக்கும்டா.”

சுந்தரலிங்கம் சத்தம் போடவில்லை. “கெட்ட மைக்கை ஆத்தா முன்னாடி வச்சவனை ஊரு என்ன செய்யும்னு ஒனக்கே தெரியும். அந்த எல்லைக்கு அங்கிட்டு அவ பக்கத்துல ஒனக்கும் எடம் இருக்கு. பொண்டாட்டி புள்ளையோட போறியா?” என்றார். பிறகு தோளைத் தட்டினார். “ஒரு வார்த்தைதானப்பா. ஒம் மைக்கு, ஒங் குழாய். ஒனக்குக் கேக்காமப் போயிருமா?”

சுருளிவேல் யோசித்துப் பார்த்தான். யோசிக்க அவனுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. தகட்டுக்கு ஆட்டம்தான் தெரியும், ஆட்டுகிறவன் யோக்கியனா என்று தெரியாது. நாலு குழாய்க்கும் ஒயரைத் தடவிப் பார்த்தான். ஸ்டீவன் சரிபண்ணிக் கொடுத்த மைக்கின் மூடியை இறுக்கினான், துணியால் துடைத்தான். நிமிர்த்தி ஒரு தரம், சாய்த்து ஒரு தரம், மறுபடி நிமிர்த்தி ஒரு தரம், “அலோ, அலோ” என்று மூன்று தரம் சோதித்தான். மலையம்மாள் நின்ற அன்றைக்கு இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்பது அவனுக்கே உறைத்தது. உறைத்ததைத் துடைத்துப் போட்டுவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றான்.

“அன்னைக்கு எம் மைக்குல ஒரு கோளாறும் இல்லை” என்றான். நாலு குழாயும் அதைத் திருப்பிச் சொன்னன.

“புள்ளை பேரைச் சொல்லு” என்றார் பூசாரி.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மலையம்மாள் நிமிர்ந்தாள். சத்தியத்துக்குப் பிள்ளை பேரைச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பூமாரியின் கையை உதறிவிட்டுக் கல்லைத் தாண்டி ஓடி வந்தாள்.

“வேணாண்ணே! வேணாம்! நான் கேட்டது தப்பு, நான் போயிர்றேன்! பச்சைப் புள்ளைண்ணே அது, பேரைச் சொல்லாத!”

அவளிடம் மைக் இல்லை. அதற்குள் எழும்பிவிட்ட கொட்டுச் சத்தத்தில் அவள் கத்தியது பத்தடிக்கு மேல் போகவில்லை. எல்லைக்குள் காலை வைத்துவிட்டாள் என்று நாலு பேர் பாய்ந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். சுருளிவேல் அவள் வாய் அசைவதைப் பார்த்தான். என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. இந்தக் குழாயில் ஒன்றும் இல்லை, காந்தமும் கம்பியும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“பொய் சொன்னா...” என்று ஆரம்பித்தான். அவன் கை அவனைக் கேட்காமலே மைக்கின் கழுத்தைப் பிடித்துக் கீழே சாய்த்தது. அறுந்துவிடு, இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அறுந்துவிடு என்று அவன் உடம்பு கெஞ்சியது.

“...எம் மக நதியா தலையில இடி விழட்டும்.”

ஸ்டீவன் நல்ல வேலைக்காரன். மைக்கை எப்படிச் சாய்த்தாலும் இப்போது பேசும். நதியா என்ற பேர் கிழக்குப் புளியமரத்திலிருந்தும், மேற்குப் புளியமரத்திலிருந்தும், வடக்கு எல்லையிலிருந்தும், கோயில் வளைவிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்து அவன் மேல் விழுந்தது.

“ஆத்தா வாங்கிட்டா!” என்று பூசாரி ஆடினார். குலவைச் சத்தம் வானத்தைத் தொட்டது. சுந்தரலிங்கம் சுருளிவேலுக்குத் தன் கையாலேயே மாலை போட்டார். மலையம்மாளை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். அவள் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தன் வழக்கு தோற்றதற்காக அவள் அழவில்லை. “அந்தப் புள்ளை என்னத்தப் பண்ணுச்சு, அந்தப் புள்ளை என்னத்தப் பண்ணுச்சு” என்று பூமாரியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுருளிவேல் மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். மேற்கே மலையின் மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. பங்குனியில் சாயங்காலமானால் மலைமேல் கறுப்பது வழக்கம்தான். இருந்தும் அவன் இரண்டு தரம் அண்ணாந்து பார்த்தான்.

தெருமுனையிலேயே நதியா ஓடி வந்தாள். எட்டு வயது. பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடை. மூச்சிரைக்க வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா! எம் பேரைச் சொன்னியே! நாலு குழாய்லயும் கேட்டுச்சுப்பா! டீச்சர் வீடு வரைக்கும் கேட்டுச்சாம்! இத்தனை நாளா நான் கேட்டப்பெல்லாம் ஏன் மாட்டேன்னு சொன்ன?”

அவன் கையில் சுருட்டியிருந்த மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“இன்னொரு தரம் சொல்லுப்பா. வாப்பா, கோயிலுக்குப் போயி இன்னும் ஒரே ஒரு தரம்.”

சண்முகத்தாய் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி, இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.